பேருந்தைத் துரத்தும் சிலையருகே

ஞானராஜ் சார் காலமான செய்தியை அவருடைய மருமகள் தொலைபேசியில் சொன்னபோது சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தேன். "சரிம்மா" என்றேன். வைத்த பிறகுதான் அந்தப் பதில் போதாது என்று உறைத்தது. திரும்ப அழைக்கத் துணிவு வரவில்லை.

பசுமலைப் பள்ளியில் அவரோடு பணியாற்றியவர்களும், அவரிடம் விளையாட்டுப் பயிற்சி பெற்றவர்களும் மைதானம் முழுக்கக் கேட்கும் அந்தக் குரலை மறந்திருக்க மாட்டார்கள். நான் கணக்கு ஆசிரியன். என் குரல் மூன்றாவது பெஞ்சைத் தாண்டாது.

ஓய்வுக்குப் பின், திருநகரில் தனியாக இருக்கும் என்னை அவ்வப்போது மதுரைக்குள் அழைத்துப்போவார். காரியம் ஒன்றும் இருக்காது. ஒரு பேருந்து நிறுத்தத்தில் இருக்கும் சிலையைப் பார்க்கப் போவோம். தொந்தி பெருத்த ஒருவர், ஒரு கையில் வேட்டியைத் தூக்கிப் பிடித்து, மறுகையை உயர்த்தியபடி பேருந்தைத் துரத்துகிறார். ஒரு செருப்பு பின்னால் கிடக்கிறது. சார் அதை "மாப்ள" என்று கூப்பிடுவார். திரும்பும் பேருந்து வரும்போது அதன் பக்கத்தில் அதே மாதிரி கைதூக்கி நிற்பார். நான் நாலடி தள்ளி நிற்பேன்.

ஒருமுறை, இருட்டுகிற நேரத்தில், வழித்தடத்துக்குப் புதிய ஓட்டுநர் சிலையையும் ஆள் என்று நினைத்து வண்டியை நிறுத்திவிட்டார்.

"அண்ணே, அவரு ஏறலையா?" என்றார் நடத்துநர்.

"அவருக்கு வேற பஸ்ஸாம். நாங்க ரெண்டு பேருதான் வாரோம்" என்றார் ஞானராஜ் சார்.

வண்டியே சிரித்தது. நான் கூச்சத்தில் தலை குனிந்தேன். "சிரிக்கட்டும் சார். சிரிக்கிறவன் நம்மள ஏத்திக்காமப் போக மாட்டான்" என்றார் என்னிடம்.

போன சனிக்கிழமை தனியாகப் போனேன். திரும்பும்போது இரண்டு பேருந்துகள் நிற்காமல் போய்விட்டன. இத்தனை நாளும் வண்டியை நிறுத்தியது அவர்தான்.

"கூட வாரவரு எங்கய்யா?" என்று கேட்டார் அங்கே பூ விற்கும் அம்மா.

"இறந்துட்டாரும்மா." அந்த வார்த்தையை அன்றுதான் முதன்முதலாகச் சொன்னேன்.

அவர் தொடுப்பதை நிறுத்தினார். "கையக் காட்டுங்கய்யா. செலயே கையத் தூக்கி நிக்குது, நீங்க சும்மா நின்னா எவன் நிப்பாட்டுவான்?" என்றார்.

அடுத்த வண்டிக்குக் கை தூக்கினேன். தோளுக்கு மேலே போகவில்லை. வண்டி தாண்டிப்போய், தள்ளி நின்றது. வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சன்னலோரத்தில் யாரோ என்னையும் சிலையையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார்கள். படியில் நின்றவர் கை கொடுத்து ஏற்றிவிட்டார். திருநகர் வரை என் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை.

பேருந்துக்குக் கை தூக்குவதெல்லாம் ஒரு காரியமா என்று அவரை அறிந்த நீங்கள் கேட்கலாம். எனக்குக் காரியம்தான். பிறர் சிரித்தாலும் பரவாயில்லை என்று ஓடிய அந்தச் சிறு ஓட்டத்தைத்தான் அவர் நினைவாக வைத்திருக்கிறேன்.