மேட்டுப் புல்லில் நட்ட நூற்றிருபது கன்றுகள்

ஏரி, குளங்களைப் பராமரித்து மரம் நடுகிற எங்கள் அறக்கட்டளைக்கு மூன்று பேர் பொறுப்பு. அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்து ஓய்வுபெற்ற நர்ஸம்மா தலைவர். பாகூர்ப் பக்கம் கரும்பு போடும் விவசாயி ஒருவர் செயலாளர். மூன்றாமவர் கல்லூரி பஸ் ஓட்டிக்கொண்டிருந்த டிரைவர் அண்ணன். நான் அவர்களிடம் சம்பளத்துக்குக் களப்பணி பார்க்கிறவள். அதற்கு முன்பு சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. சூப்பர்வைசரிடம் மல்லுக்கட்டிவிட்டு வெளியே வந்தவள் நான். என் வாய் அப்படி.

சேர்ந்த புதிதில் இவர்கள் கூட்டம் போடுகிற விதத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்புதான் வந்தது. எந்த இடத்தைப் பற்றிப் பேச வேண்டுமோ அந்த இடத்துக்கே மூன்று பேரும் போய் நின்றுகொண்டு பேசுவார்கள். வாய்க்கால் என்றால் வாய்க்கால் கரை, குளம் என்றால் குளத்துச் சேறு. நாற்காலி கிடையாது. "உக்காந்தா பேச்சு நீண்டுக்கிட்டே போவும்" என்பார் நர்ஸம்மா. இன்னொரு வழக்கம் அதைவிட வேடிக்கை. முடிவை யார் எதிர்த்துப் பேசினார்களோ, அவர் கையால்தான் தீர்மானத்தை நோட்டில் எழுத வேண்டும். ஒத்துக்கொண்டவர்கள் எழுதினால் எதிர்த்தவர் சொன்னது விடுபட்டுப் போகுமாம். வேலை வெட்டி இல்லாதவர்கள் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் ஐப்பசி மழை பிடித்ததும் ஒரு லாரி நிறைய மரக்கன்று வந்து இறங்கியது. புங்கன், நாவல், மகிழம் என்று நூற்றிருபது. நர்ஸம்மாவுக்கு அப்போதுதான் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. கரும்புக்காரர், தன் மகளின் பிரசவத்துக்காகக் கடலூரில் இருந்தார். டிரைவர் அண்ணன் குடும்பத்தோடு வேளாங்கண்ணி போயிருந்தார். ஏரிக்கு வடக்கே ஒரு புறம்போக்கு மேட்டை நான் சித்திரையிலேயே பார்த்து வைத்திருந்தேன். அப்போது அங்கே ஈ காக்கை இல்லை. சும்மா கிடக்கிற இடம், நட்டுவிடலாமா என்று மூன்று பேருக்கும் போன் போட்டேன். மூன்று பேரும் சரி என்றார்கள். போய் நிற்காமல் அவர்கள் முடிவெடுத்தது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான்.

நட்டேன், சுற்றிலும் வேலியும் போட்டேன். அழகாக வரிசை பிடித்து நின்ற கன்றுகளைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. நாலாம் நாள் காலை வேலிக்கு வெளியே ஓர் அக்கா பதினோரு ஆடுகளோடு நின்றுகொண்டிருந்தார். அந்த ஆடுகள்தான் அவருக்குப் பிழைப்பு.

"ஏம்மா, வேலி போட்டுட்டீங்களே, ஆட்ட நான் எங்க ஓட்டறது?"

"ஏரியச் சுத்தி இவ்ளோ எடம் கெடக்குதே அக்கா. உங்க ஆடு திங்கறதுக்கா நாங்க கன்னு நட்டோம்?" என்று நான் வெடுக்கென்று கேட்டேன். அவர் ஆடுகளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நானும் பெரிதாக ஜெயித்துவிட்ட மாதிரி வேலைக்குத் திரும்பினேன்.

ஊரிலிருந்து வந்த டிரைவர் அண்ணன்தான் விஷயத்தைக் கொண்டுவந்தார். "அந்தப் பொம்பள ஆட்ட மொத்தமா வித்துடப் போவுதாம்பா. மழ முடியற வரைக்கும் மேய்க்க எடம் இல்லியாம். ஞாயித்துக்கெழம யாவாரி வரானாம்."

நர்ஸம்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டிருந்தார். "நாளைக்கு நாம அங்க போய் நிப்போம். அந்தம்மாவையும் வரச் சொல்லு" என்றார்.

மறுநாள் தூறலில் எல்லோரும் மேட்டில் நின்றோம். முதலில் அந்த அக்காவைப் பேசச் சொன்னார்கள். அவர் கையை நீட்டி ஒவ்வொரு திசையாகக் காட்டினார்.

"கெழக்கால பாருங்க, சம்பா நட்டுட்டாங்க. தெக்கால ஏரித் தண்ணி. மேக்கால மல்லாட்ட போட்ட கொல்லையெல்லாம் இப்ப பிளாட்டு. கல்லு நட்டு கேட்டும் போட்டுட்டாங்க. ஈரத்துலயே நின்னா ஆட்டுக்குக் கால் அழுவிப் போவும். ஐப்பசி, கார்த்திகைல இந்த மேடு ஒண்ணுதான் காஞ்சி கெடக்கும். ரெண்டு மாசந்தான். மத்த நாள்ல அறுத்த கழனி இருக்குது, நான் எதுக்கு இங்க வரப்போறேன்?"

எனக்குச் சுருக்கென்றது. நான் சித்திரையில் பார்த்துவிட்டு, யாருக்கும் வேண்டாத இடம் என்று முடிவு கட்டியிருக்கிறேன். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. நட்டதைப் பிடுங்கினால் ஊரே சிரிக்கும், கன்று கொடுத்த ஆபீசர் அடுத்த வாரம் பார்க்க வருகிறார், அவருக்கு என்ன பதில் சொல்வது என்று மூச்சுவிடாமல் கத்தினேன்.

கரும்புக்காரர் நிதானமாகச் சொன்னார். "எப்பப் பாத்தாலும் மரம், மரம்னே பேசிக்கினு இருக்கறோம். இது புல்லு வெளையற எடம். புல்லயும் காப்பாத்தறதுதானே நம்ம வேல?"

நர்ஸம்மா அங்கேயே நின்றபடி ஆபீசருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில்தான் பேசினார். இடத்தை யார் தேர்ந்தெடுத்தது என்று அவர் கேட்டால் என்னைத்தானே சொல்ல வேண்டும்? அவரும் அதைத்தான் கேட்டார்.

"நாங்க மூணு பேருந்தான் சார்" என்றார் நர்ஸம்மா. "நேர்ல வந்து பாக்காம போன்லயே சரின்னுட்டோம். எங்க தப்பு. கன்னு எல்லாத்தயும் ஏரிக்கரைக்கு மாத்திடறோம்."

இனிமேல் எங்களுக்குக் கன்று தருவதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார். "வுடுங்க, கொட்டையப் போட்டு நாமளே மொளைக்க வெப்போம்" என்று டிரைவர் அண்ணன் சிரித்தார். என் பக்கம் ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கம்பெனியில் ஒரு போல்ட்டு தப்பாகப் போனால் யார் தலையில் கட்டலாம் என்றுதான் முதலில் தேடுவார்கள். இப்படிப்பட்ட மனிதர்களை நான் அதுவரை பார்த்ததில்லை.

எதிர்த்துப் பேசியவள் நான் என்பதால் நோட்டு என் கைக்கு வந்தது. நான் சொன்னதையும் எழுதினேன். அந்த அக்காவைக் கேட்காமல் நட்டது தவறு, கன்றுகளை எடுத்துவிட்டு வேலியைப் பிரிப்பது என்று தீர்மானத்தையும் எழுதினேன். ஒவ்வொரு எழுத்தும் உறைத்தது.

சனிக்கிழமை காலையிலேயே தோண்ட ஆரம்பித்தோம். கரும்புக்காரரும் டிரைவர் அண்ணனும் கடப்பாரை போட்டார்கள். குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், நர்ஸம்மா மண்ணோடு வந்த வேர்களை ஈரச் சாக்கில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். என் மேலேயே எனக்கு இருந்த ஆத்திரத்தில் படபடவென்று இழுத்ததில் இரண்டு கன்றுகளின் வேர் அறுந்து போனது.

வெயில் ஏறியபோது அந்த அக்கா வந்தார். கன்று எடுத்து வேலி பிரித்த பக்கமாக ஆடுகளை உள்ளே விட்டுவிட்டு, இடுப்பில் செருகியிருந்த களைக்கொத்தோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"யாவாரிய வர வேணாம்னு சொல்லிட்டேன்" என்றார். பிறகு என் கையை விலக்கிவிட்டு ஒரு நாவல் கன்றைச் சுற்றிலும் மெல்லக் கொத்தினார். "இப்படி இழுக்காதம்மா, பாவம். அடில கை குடுத்துத் தூக்கு."

வேரில் ஒரு நுனிகூட அறாமல் கன்று அவர் கைக்கு வந்தது. எனக்குத் தாங்கவில்லை.

"அக்கா, அன்னிக்கி நான் பேசினது ரொம்பத் தப்பு. மன்னிச்சிக்குங்க."

அவர் அடுத்த கன்றுக்கு நகர்ந்துகொண்டே சொன்னார். "மரத்து மேல எனக்கு இன்னாம்மா கோவம்? நடறதுக்கு முன்ன ஒரு வார்த்த கேட்டிருந்தீன்னா, எங்க நடலாம்னும் சொல்லியிருப்பேன், தெனம் தண்ணியும் நானே ஊத்தியிருப்பேன்."