லிட்டர் தயிருக்கு எத்தனை கிலோ?

தயிர் வியாபாரத்துல புளிக்கிறது தயிர் மட்டும் இல்லைன்னு, கடை வெச்சுக் கஷ்டப்படுற உங்களுக்கெல்லாம் நான் சொல்லணுமா? உத்தமபாளையத்துல பத்து வருஷமா லிட்டர் குவளையில மொண்டு கொடுத்தேன். குவளையோட அடி உள்ள தள்ளியிருக்குன்னு ஒரு பேச்சு, கட்டைவிரலை உள்ள விட்டு அளக்குறேன்னு ஒரு பேச்சு. இது மார்க்கையன்கோட்டை சமையல் மாஸ்டர் காதுக்குப் போனா அவ்வளவுதான். அவுக கொடுக்கிற கல்யாண ஆர்டரை நம்பித்தான் கடையே ஓடுது. எதுக்கு வம்புன்னு எலக்ட்ரானிக் தராசு வாங்கி, ‘இனி கிலோ கணக்கு’ன்னு எழுதித் தொங்கவிட்டேன். ஊர்லயே நான்தான் யோக்கியன்னு நினைப்பு.

வாத்தியாருக்கே பாடம்

அனுமந்தன்பட்டி அறிவியல் வாத்தியார் மறுநாளே லிட்டர் தூக்குவாளியோட வந்தாக. ஒரு கிலோ போட்டேன். வாளியை மேஜையில நாலு தட்டு தட்டி, தயிரை இறக்கி, மேல அரை விரல் காலியா இருக்கிறதைக் காட்டினாக. லிட்டரும் கிலோவும் ஒண்ணுதானே, மிச்சம் எங்கன்னு கேள்வி.

அந்தக் கணக்கு தண்ணிக்குத்தான் சார், தயிர் தண்ணியைவிடக் கனம், அதான் கொஞ்ச இடத்துல அடங்கிருதுன்னு விளக்கினேன். கடையில நின்ன அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி வாத்தியார் சொன்னாக: “அப்ப உங்க தயிர்ல தண்ணியே இல்லேங்குறீக?”

கொசுறுக்கு எடை உண்டா?

பாண்டியம்மா திராட்சைத் தோட்டத்துக்கு ஆள் கூட்டிட்டுப் போறவுக. தினம் ரெண்டு லிட்டர் வாங்குவாக, மேல ஒரு கரண்டி கொசுறு. தராசுல ரெண்டு கிலோ காட்டுனதும் வழக்கம்போல கொசுறு கேட்டாக. ஊத்தினேன். எண்பது கிராம் ஏறுச்சு. நம்ம தாராளத்தை ஊரே பாக்கட்டும்னு அந்த நம்பரை விரல் வெச்சுக் காட்டினேன். அந்தம்மாவுக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு.

“கணக்குல வராததுனாலதானே அது கொசுறு? அதையும் நிறுத்துச் சொல்லிக் காட்டுறீகளே.”

அறுபது லிட்டர்

மாஸ்டர் போன் பண்ணி, முகூர்த்தத்துக்கு அறுபது லிட்டர் தயிர்ன்னாக. சும்மா இருந்திருக்கலாம். நான்தான் கெட்டிக்காரனாச்சே! கட்டித் தயிரா ஒரு குவளை மொண்டு நிறுத்தேன், தொள்ளாயிரம் கிராம். அறுபதால பெருக்கி ஐம்பத்திநாலு கிலோன்னு சீட்டு எழுதி, தயிரோட வண்டியில அனுப்பிட்டேன்.

முகூர்த்தத்தன்னிக்கு மத்தியானம் போன். கடைசிப் பந்திக்குத் தயிர் பத்தாம மோரை ஊத்தினாகளாம். சீட்டுல கிலோன்னு பார்த்ததும் மாஸ்டருக்குச் சந்தேகம் வந்து, கோடு போட்ட வாளியில அளந்திருக்காக. ஐம்பத்திரண்டு லிட்டரைத் தாண்டலையாம். கட்டியா மொண்டா குவளைக்குள்ள அங்கங்க காலியாச் சந்து விழும்ணே, வண்டியில குலுங்கவும் அது அடைஞ்சுபோச்சு, வேற ஒண்ணும் இல்லைன்னு வாயை விட்டேன். சொல்லும்போதே எனக்கு உறைச்சுருச்சு. வேணும்னு செஞ்சதில்லை, ஆனாலும் வெட்கமாப் போச்சு. பத்து வருஷமா தயிர் குறையிறப்பெல்லாம் பந்தி பரிமாறுறவுகளை மாஸ்டர் திட்டித் தீர்த்திருக்காக. அடுத்த கல்யாணத்துக்கு வேற கடை பாத்துக்கிறேன்னு நிதானமாச் சொல்லிட்டு, போனை வைக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேட்டாக:

“அப்ப இத்தனை வருஷமா எனக்கு அந்தச் சந்துகளையும் சேத்துத்தான் அளந்து வித்தீகளா?”

ஊரோட சந்தேகத்தைத் தீர்க்கத்தான் தராசு வாங்கினேன். தீர்ந்துருச்சு, இப்ப யாருக்கும் சந்தேகமே இல்லை.