நுரை அடங்கும்வரை

பாத்திரம் கழுவி முடித்தாலும் அவள் தொட்டியைவிட்டு உடனே நகரமாட்டாள். சோப்பு நுரை உடைந்து அடங்கும்வரை பார்த்துக்கொண்டே நிற்பாள். "என்னடி, நுரையில ஜோசியம் பாக்கறியா?" என்று கேட்டுக் கேட்டுக் கணவருக்கே அலுத்துவிட்டது.

பார்த்த வேலை அப்படி. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் அவள் ஆபரேட்டராக இருந்தாள். சுடவைத்த கடல்நீர் அறை அறையாகப் பாயும். அதிலிருந்து எழும் ஆவி குளிர்ந்து நல்ல தண்ணீராகும். நுரை பொங்கினால் உப்பும் ஆவியோடு தொற்றிக்கொண்டு போய்விடும். அதை அடக்கத்தான் ஒரு மருந்தைத் தண்ணீரில் கலந்து, பம்ப் வழியே சிறிது சிறிதாகச் செலுத்துவார்கள். ஆலையில் அவளுக்கு நுரையம்மா என்றே பெயர்.

ஒருநாள் காலை கடல் பாசி பிடித்துப் பச்சையாகக் கிடந்தது. அறையின் கண்ணாடி வழியே பார்த்தால், உள்ளே நுரை கண்ணாடியையே மூடி நின்றது. உப்பு மீட்டர் ஏறியது. மருந்தைக் கூட்டினாள். இன்னும் ஏறியது. மறுபடி கூட்டினாள்.

"மதியத்துக்குள்ள இறங்கலேன்னா நிறுத்திடுவேம்மா," என்றார் மேலாளர். நிறுத்தினால் திரும்ப ஓட்ட இரண்டு நாளாகும். அதுவரை ஊர்க் குழாய்களில் காற்றுதான் வரும்.

கோபம் பம்ப் மெக்கானிக் மேல் பாய்ந்தது. "ஏண்ணே, நேத்து பம்ப்பைப் பிரிச்சீங்களே, திரும்ப மாட்டினீங்களா, துடைச்சு ஷோகேஸ்ல வச்சுட்டீங்களா?"

சுற்றி நின்ற எல்லாரும் சிரித்தார்கள். அவர் முகம் சுண்டிப்போனது. "பம்ப் நல்லாத்தாம்மா இருக்கு."

பொய் என்று காட்டிவிடும் வேகத்தில் பம்ப்பின் குழாயைக் கழற்றிக் கையில் பிடித்தாள். நன்றாகத்தான் அடித்தது. ஆனால் வந்தது வெறும் தண்ணீர், பிசுபிசுப்பே இல்லை. மருந்துத் தொட்டி மேல் ஏறிப் பார்த்தாள். மருந்தைத் தண்ணீரோடு சேர்த்துச் சுழற்றும் கலக்கி நின்றுபோயிருந்தது. மருந்தெல்லாம் பிரிந்து ஏடுபோல மேலே மிதக்க, பம்ப் அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தது. வேலைக்கு வந்ததும் கலக்கியைப் பார்க்கவேண்டியவள் அவள்தான்.

"மோட்டார் கருகிடுச்சு. மாத்த சாயங்காலமாகும்," என்றார் மெக்கானிக்.

"அதுவரைக்கும் நான்தான் மோட்டார். பம்ப்பைப் பழைய அளவுக்கு இறக்குங்க."

நீளமான கம்பு ஒன்றை எடுத்துக் கலக்க ஆரம்பித்தாள். தோள் கழன்றுவிடும்போல வலித்தது, உள்ளங்கை கொப்பளித்தது. விடவில்லை. மெக்கானிக்கும் ஒரு கம்போடு மேலே வந்தார். மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் மீட்டர் நின்றது, தயங்கியது, இறங்கியது. மேலாளர் மீட்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

"அண்ணே..." என்று தொடங்கினாள்.

"நிறுத்தாதம்மா, மறுபடி மிதந்துடும்," என்றார் அவர்.

எல்லார் முன்னாலும் திட்டியதற்கு எல்லார் முன்னாலும்தான் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அது நியாயமா, தள்ளிப்போட ஒரு சாக்கா, அவளுக்கே தெரியவில்லை. வருடங்கள் ஓடின. அவள் ஓய்வுபெற்ற நாளில் ஆலையே கூடியிருந்தது. அவர் மட்டும் அதற்கு முந்தின வருடமே வேறு ஊர் ஆலைக்கு மாற்றலாகிப் போயிருந்தார். அவருக்குத் தரவேண்டிய அந்த ஒரு வார்த்தை இன்னும் பாக்கிதான்.