வெள்ளி லேஸ் வைத்த படம்

அப்பா சவப்பெட்டி செய்தார். பெரியபாளையம் போகிற ரோட்டில் எங்கள் கடை. பலகை அறுப்பது அவர். வெளியே கறுப்புத் துணி ஒட்டி, ஓரத்தில் வெள்ளி லேஸ் வைப்பது அம்மாவும் நானும். மூலையில் லேஸை வெட்டாமல் மடித்துத் திருப்ப வேண்டும். பத்தாவதோடு நின்றுபோன எனக்கு அந்த மடிப்பு மட்டும் நன்றாக வரும்.

பிறகு கும்மிடிப்பூண்டியில் லேத் ஓட்ட வந்துவிட்டேன். கம்பெனியில் யாராவது அப்பாவைப் பற்றிக் கேட்டால், "தச்சு வேலை" என்பேன். பொய்யில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

லேத்தில் நீலமாகச் சுருண்டு விழும் இரும்பு, புடவைத் துண்டு, தீப்பெட்டி அட்டை, இதையெல்லாம் பலகையில் ஒட்டிப் படம் செய்வேன். யாருக்கும் காட்டியதில்லை. கூட வேலை செய்பவர் ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது பார்த்துவிட்டார். அப்போது அவர் புதுவாயலில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்.

"ஹால்ல மாட்ட ஒண்ணு செஞ்சி குடுப்பா. காலண்டரா மாட்டி பேஜாராயிடுச்சி."

ஒரு திறந்த கதவைச் செய்தேன். நிலைக்கு இரும்புச் சுருள், கதவுக்கு என் மனைவியின் பச்சைப் புடவை. அப்பா கடையை மூடியபோது மீந்த லேஸ் என்னிடம் இருந்தது. படத்தைச் சுற்றிலும் அதை ஓரமாக வைத்தேன். எனக்குத் தெரிந்ததிலேயே அழகான பொருள் அதுதான். வேறெதுவும் தோன்றவே இல்லை.

புது வீடு மந்திரிக்கிற அன்று சர்ச்சிலிருந்து வந்த சாமியார் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனதும், வீட்டுக்காரருடைய மாமியார் படத்துக்குக் கிட்டே போய் லேஸைத் தடவிப் பார்த்தார்.

"இன்னா மாப்ளே, ஊடு மந்திரிக்கக் கூப்டீங்களா, அடக்கத்துக்குக் கூப்டீங்களா? பொட்டியில ஒட்ற லேஸை மாட்டி வச்சிக்கிறீங்க!"

"நல்லா பாரு அத்தே, மூடி வேற தொறந்துக்கினு கீது!" என்றார் ஒருவர். ஹாலே சிரித்தது.

வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "எங்க வாங்கின இத்த?" என்று என்னைக் கேட்டார்.

"பாரிஸ் கார்னர்ல. புடவைக்கு வக்கிறதுன்னு கடைக்காரன் சொன்னான்."

பக்கத்தில் நின்ற என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். கல்யாணமான புதிதில் அம்மாவோடு உட்கார்ந்து அதே லேஸை ஒட்டியவள்.

படத்தை நானே கழற்றினேன். "தப்பா நெனச்சிக்காத. லேஸை மட்டும் எடுத்துட்டுக் குடு" என்றார் வாசலில்.

வீட்டில் உரித்துப் பார்த்தேன். பூச்சி அரிக்காமலிருக்க மைதாவில் மயில்துத்தம் போட்டு அப்பா காய்ச்சுகிற அதே பசையில்தான் ஒட்டியிருந்தேன். லேஸோடு பச்சைப் புடவையும் கிழிந்து வந்தது.

"அந்தக் கடைக்காரன் பசையும் நல்லாத்தான் குடுத்துக்கிறான்" என்றாள் மனைவி.

வேறொன்று செய்து, மரச்சட்டம் போட்டுக் கொடுத்தேன். இப்போது அது அவர் ஹாலில் இருக்கிறது. போன மாதம் போயிருந்தபோது அவருடைய சொந்தக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "யார்கிட்ட கத்துக்கினீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"சும்மா, நானா பழகினதுங்க" என்றேன். கையில் இருந்த காபி ஆறுகிறவரை டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.