வலது கைக்கு ஒரு கையுறை

கல்யாணமாகிப் புனேவுக்கு வந்த வைஜயந்தி இங்கே கற்றுக்கொண்ட முதல் பாடம் மராத்தி இல்லை. ஸ்கூட்டரில் ஏறுமுன் முகத்தைத் துப்பட்டாவால் சுற்றிக் கட்டுவதும், முழங்கைக்கு மேல் வரை பருத்திக் கையுறை மாட்டுவதும்தான். இந்த ஊரில் வண்டியில் போகும் பெண்களுக்குக் கண்கள் மட்டும்தான் தெரியும். எல்லாம் வெயிலுக்குப் பயந்து. வானவடியில் இருந்த வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போன வருடங்கள் முழுக்க அவள் அப்படித்தான் போனாள். கை கறுக்கவில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மகள் தீப்தி வேறு ரகம். ஹடப்சரில் ஐ.டி. வேலை, மோட்டார் சைக்கிள்தான் ஓட்டுவாள். போன கோடையில் அம்மாவோடு கடைக்குப் போய், உள்ளங்கையில் தடித்த தோலும் விரல் முட்டிகளுக்குக் கெட்டியான காப்பும் வைத்த கையுறை ஒன்றை எடுத்தாள். கைக்குக் கச்சிதமாக இருந்தது. வைஜயந்திக்குப் பிடிக்கவில்லை. மணிக்கட்டோடு நின்றுவிட்டதே, மேலே முழுக்க வெயில் படுமே என்றாள். கோயம்புத்தூரிலிருந்து பெண் பார்க்க வருகிற நேரத்தில் கை ஒரு நிறம், முகம் ஒரு நிறமாக இருந்தால் நன்றாகவா இருக்கும் என்று பிடிவாதம் பிடித்தாள். தீப்தி வாதாடிப் பார்த்துவிட்டு அதைத் திருப்பி வைத்தாள். நடைபாதையில் வைஜயந்தி வாங்கிக் கொடுத்த பருத்திக் கையுறையோடுதான் அவள் வேலைக்குப் போனாள்.

முதல் மழையில் ஹடப்சர் திருப்பத்தில் வண்டி வழுக்கியது. விழுகிறவர்கள் கையைத்தான் ஊன்றுவார்கள். பருத்தி என்ன செய்யும், கிழிந்துபோனது. வலது உள்ளங்கை தார்ச்சாலையில் தேய்ந்துவிட்டது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். பெண் பார்க்க வரவேண்டியவர்கள் போனில் நலம் விசாரித்ததோடு சரி.

கட்டு மாற்றும்போதெல்லாம் வைஜயந்தி ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே போய்விடுவாள். வீட்டுக்கு வந்த பிறகும் களிம்பு போடுவது அவள் கணவர்தான். தன் பிடிவாதம் செய்த வேலை அது என்ற நினைப்பு அவளை அந்தக் கையின் பக்கம் போகவிடவில்லை.

தீப்தி மறுபடி வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொன்னதும் வைஜயந்தி தானாகவே கடைக்குக் கிளம்பினாள். விரல் முட்டிகளைச் சுற்றி நாடா வைத்து அளந்து வரச் சொன்னார் கடைக்காரர். தீப்தி தூங்கும்போது அளந்தாள், இடது கையை. இரண்டும் ஒரே அளவுதானே என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பிறகு கடையில் உள்தையல் உறுத்துமா, பட்டை கழலுமா என்று தடவியும் இழுத்தும் பார்த்து, இருந்ததிலேயே நல்லதை வாங்கி வந்தாள்.

இடது கையுறை தீப்திக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. வலது கை உள்ளேயே போகவில்லை. தழும்பு இழுத்துச் சுண்டுவிரல் பாதி மடங்கி நின்றது. இனி அது நிமிராது என்பது அந்த வீட்டில் வைஜயந்தியைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

"அரே அம்மா, எந்தக் கைய அளந்தே?"

வைஜயந்தி இடது கையைக் காட்டினாள்.

தீப்தி கோபப்படவில்லை. "இந்தக் கைய நீ இன்னும் பாக்கவே இல்லம்மா," என்று மட்டும் சொல்லி வலது கையை நீட்டினாள்.

வைஜயந்தி அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் பார்த்தாள்.

"வலிக்குதாடி?" என்றாள். அவள் இதுவரை அதைக் கேட்டதில்லை.