விழுகிற இடத்துக்கு ஒரு மெத்தை

முதுகுத்தண்டில் அடிபட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மையத்தில் பிரிசில்லா உதவியாளர். அசைய முடியாமல் கிடப்பவர்களுக்குப் படுக்கைப்புண் வராதபடி புரட்டிப் படுக்க வைப்பது அவள் வேலை. புளியமரத்திலிருந்து விழுந்தவர், சாரம் சரிந்து விழுந்தவர், குளியலறையில் வழுக்கியவர் என்று ஒவ்வொருவரும் விழுந்த கதை அவளுக்குத் தெரியும். அதனால், மகள் ஜாஸ்மின் சுவரேறத் தொடங்கிய நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஜாஸ்மின் காலேஜில் படிக்கிறாள். ஒரு முகாமில் செயற்கைப் பாறைச் சுவர் ஏறிப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு வேறு நினைப்பே இல்லை. அப்பா ஜான்சன் தச்சர், மகள் கேட்டதை மறுத்துப் பழக்கமில்லாதவர். பாகாயம் பகுதிக்குப் பின்னால் இருந்த அவர்கள் வீட்டின் பக்கச் சுவரில் பிளைவுட் பலகைகளை அறைந்து, மரத்துண்டுகளை இழைத்துப் பிடிகளாக முடுக்கிக் கொடுத்துவிட்டார்.

"கயிறு கூட கட்டாம ஏறுறாளேங்க!"

"ஒசரம் கம்மிதான் பிரிசி. கீழ மெத்தை போட்டா போதும்."

அதற்கென்றே விற்கிற மெத்தை அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. வீட்டிலிருந்த இரண்டு பழைய இலவம்பஞ்சு மெத்தைகளைப் பக்கம் பக்கமாகப் போட்டார்கள். மகள் ஏறும்போதெல்லாம் பிரிசில்லா அடுப்படியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். தொப்பென்று சத்தம் வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். மகள் சிரிக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சை விடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தொப்பென்ற சத்தம் வந்தது. சிரிப்பு வரவில்லை. அலறல்தான் வந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தால், மெத்தைகள் இரண்டும் விலகியிருந்தன. நடுச் சந்தில் ஒரு கால் மாட்ட, ஜாஸ்மின் மல்லாந்து கிடந்தாள். ஜான்சன் மகளைத் தூக்கப் பாய்ந்தார்.

"தொடாதீங்க!"

தன்னிடம் அப்படியொரு குரல் இருந்தது பிரிசில்லாவுக்கே தெரியாது. மண்டியிட்டு, மகளின் தலையை ஆடாமல் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"கால் விரல அசைடி."

"வலிக்குதும்மா!"

"வலிக்கட்டும். அசை!"

வெளியே தெரிந்த காலின் விரல்கள் அசைந்தன. மற்றொரு கால் சந்துக்குள் இருந்தது. தலையை விட்டுவிட்டு எட்டிப் பார்க்க அவளால் முடியாது. வார்டில் காலைத் தொட்டுக் கேட்டால், 'தொட்டீங்களா சிஸ்டர்?' என்று திருப்பிக் கேட்பவர்களின் முகங்கள் வரிசையாக வந்து போயின.

"ஏங்க, அந்தக் கால் அசையுதா?"

ஜான்சன் குனிந்து பார்த்தார். தரையோடு தலையைச் சாய்த்து மறுபடி பார்த்தார்.

"சொல்லுங்க!"

"அசையுது," என்றவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எக்ஸ்ரேயில் எலும்பு தப்பியிருந்தது. கணுக்காலில் தசைநார் கிழிந்திருந்தது, கட்டுப் போட்டார்கள். வீடு திரும்பியதும் ஜான்சன் பலகைகளைப் பிடுங்கச் சுத்தியலை எடுத்தார். ஜாஸ்மின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிரிசில்லா அந்த முகத்தையே பார்த்தாள். இங்கே இல்லையென்றால் இவள் மலைப் பக்கம் பாறை தேடிப் போவாள். அங்கே விழுந்தால் தலையைப் பிடிக்க யார் இருப்பார்கள்?

"சுத்தியல வைங்க," என்றாள்.

அடுத்த தெரு பில்கிஸ், ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் கழிகிற ஃபோம் துண்டுகளை மூட்டையாக எடுத்துவந்து குஷன் தைப்பவள். பிரிசில்லா விஷயத்தைச் சொன்னாள்.

"சந்தே இருக்கக் கூடாது பில்கிஸ். ஒரே மெத்தையா வேணும்."

"இன்னாக்கா, சுவர் நீளத்துக்கா? சரி, தச்சுடலாம்."

ரெக்ஸினில் பெரிய உறை தைத்துத் துண்டுகளை அடைத்தார்கள். பிரிசில்லா முழங்காலால் அழுத்தினால் தரை தட்டியது. இன்னும் இறுக்கி அடைத்து, செருப்பு அடிப்பாகத்துக்கு வெட்டுகிற கெட்டியான ஷீட்டை மேலே விரித்து, உறையை மூடித் தைத்தாள் பில்கிஸ்.

ஜாஸ்மினின் கால் ஆறியதும், "மொதல்ல நான்," என்றாள் பிரிசில்லா. புடவையைச் செருகிக்கொண்டு ஏறினாள். பாதிச் சுவரில் கைகள் பூட்டிக்கொண்டன. கீழே பார்த்தாள். கர்த்தரே, கர்த்தரே என்று உதடு முணுமுணுத்தது.

"ஏறினது போதும்மா, கைய விடு," என்றாள் ஜாஸ்மின்.

"விட முடியலடி!"

வியர்வையில் கை தானாக வழுக்கியது. மெத்தை அவளை மெல்ல உள்வாங்கி நிறுத்தியது. படுத்தபடியே கால் விரல்களை அசைத்துப் பார்த்துக்கொண்டாள். பிறகு அழுதாள்.

ஜாஸ்மின் மறுபடி ஏறுகிறாள். பிரிசில்லாவின் பயம் போய்விடவில்லை. ஆனால் இப்போது அவள் அடுப்படியில் நிற்பதில்லை. மெத்தை ஓரத்தில், அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறாள்.