கயிறு கரைக்கு வரும் வரை

எழுபதுகளின் கடைசியில் காரைக்காலில் மைக்செட் கடை வைத்திருந்தேன். கல்யாணம், காதுகுத்து, மாதா கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் எதுவானாலும் என் குழாய் ஸ்பீக்கர்தான் மரத்தில் ஏறும். வாடகைக்குப் போன சாமான் போனபடியே திரும்பி வரவேண்டும் என்பதைத் தவிர எனக்குப் பெரிய கொள்கை எதுவும் கிடையாது. அந்தக் கொள்கையைக் காற்றில் பறக்கவிட்டவர்கள் மூன்று பேர். அவர்களைப் போல ஒரு பாட்டுக் கோஷ்டியை அதற்கு முன்பும் நான் கேட்டதில்லை, பின்பும் கேட்கவில்லை.

கிதார்காரன் சொல்தா வீட்டுப் பிள்ளை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களின் வீட்டை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம் என்பதால் அவனும் ஒருநாள் பிரான்சுக்குப் பட்டாளத்துக்குப் போயாக வேண்டும். அதுவரை பொழுது போகவேண்டுமே. பாரீசிலிருந்து விடுமுறைக்கு வந்த அத்தை மகன் ஒரு கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போனான். அதில் வெள்ளைக்காரப் பையன்கள் யார்மீதோ உள்ள கோபத்தையெல்லாம் கிதார்மீது காட்டியபடி கத்தினார்கள். பங்க் இசை என்று பெயராம். "இதுக்கு ரொம்பத் தெரிய வேணாங்க, தைரியம் இருந்தாப் போதும்" என்றான். அவனுக்கு இரண்டும் குறைவு என்று அப்போது நினைத்தேன். தைரியத்தைப் பற்றி நான் நினைத்தது தப்பு.

அவன் தேடிப் பிடித்த முதல் ஆள் ஒரு தப்புக்காரர். சாவுக்கும் சாமிக்கும் தப்புப் பறை அடிப்பவர். கல்யாண வீடுகளில் அவரை வாசலோடு நிறுத்திவிடுவார்கள். இவன் அவரைத்தான் மேடை நடுவில் நிறுத்தினான். நாலு பேர் முணுமுணுத்தார்கள், இவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த ஒன்றுக்காகவே எனக்கு அவனைப் பிடித்துப்போனது. ஆனால் தப்புக்காரர் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் மேடைக்குப் பின்புறம் வைக்கோலைக் கொளுத்தித் தப்பைச் சூடு காட்டுவார். அதுவும் சரியாக என் ஒயர் போகிற இடமாகப் பார்த்து. எங்கள் சண்டை அங்கேதான் தொடங்கும்.

பாடுகிறவர் காரைக்கால்மேட்டு மீனவர். கரைவலை இழுக்கும்போது அம்பாப் பாட்டு எடுத்துக் கொடுப்பவர். வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, அதன் இரண்டு பக்கத்துக் கயிறுகளையும் கரையில் தள்ளித் தள்ளி நிற்கும் இரண்டு கூட்டம் இழுக்கும். இவர் ஒரு அடி பாடுவார், கூட்டம் பதில் பாடிக்கொண்டே ஒரு இழுப்பு இழுக்கும். வலை கரைக்கு வந்தால் பாட்டு முடிந்தது. அந்தக் குரலைக் கடற்கரையில் கேட்ட அன்றே கிதார்காரன் அவர் பின்னால் அலைய ஆரம்பித்துவிட்டான்.

முதல் நிகழ்ச்சி கோட்டுச்சேரிப் பக்கம், ஒரு பொங்கல் விழாவில். கிதார் இரைந்தது, தப்பு அதிர்ந்தது, பாட்டுக்காரர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. பிறந்ததிலிருந்து அந்தப் பாட்டைக் கயிறு இல்லாமல் அவர் பாடியதே இல்லை. இரண்டு கையும் எதையோ தேடின. பக்கத்தில் பந்தலை இழுத்துக் கட்டியிருந்த கயிறு கண்ணில் பட்டது. அதைப் பிடித்தார், குரல் வந்தது. என்ன குரல்! பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். நான் மெய்மறந்து நின்றேன், பந்தலின் முன்பக்கம் என் இரண்டு ஸ்பீக்கரோடு சரிந்து விழும்வரை. அப்போதும் மூவரும் நிறுத்தவில்லை. புழுதிக்குள்ளிருந்து பாட்டு வந்துகொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு சொந்தமாக ஒரு வலைக்கயிறு கொண்டுவந்தார்கள். ஒரு முனை மேடையில் அவர் கையில், மறு முனை கூட்டத்தின் கையில். அவர் இழுக்க, கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். கயிறு முழுவதும் மேடைக்கு வந்தால்தான் பாட்டு முடியும். ஊர் அவர்களுக்குக் கயித்துக் கோஷ்டி என்று பெயர் வைத்தது. மெல்லிசைக் கச்சேரி ரசிகர்கள் காதைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். ஓடாதவர்கள் பைத்தியமாகிவிட்டார்கள். கல்லூரி மாணவர்கள், சாராயக் கடைக்காரர், பள்ளிவாசல் தெருத் தையல்காரர், ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் என்று ஒரு கூட்டம் எங்கே நிகழ்ச்சி என்றாலும் பஸ் பிடித்து வந்து கயிற்றின் முனைக்குச் சண்டை போட்டது. நான் டேப் ரிக்கார்டரில் பிடித்த ஒரே ஒரு கேசட், பிரதிக்குப் பிரதி எடுத்து, நாகூரிலிருந்து தரங்கம்பாடி வரை டீக்கடைகளில் ஓடித் தேய்ந்தது. சினிமாக்காரர் யாரும் தேடி வரவில்லை. அவர்கள் எதிர்பார்க்கவும் இல்லை.

தேடி வந்தது காரைக்கால்மேட்டு மீனவப் பஞ்சாயத்துதான். தலைவர் கோபக்காரர் இல்லை, பயந்தவர். அந்த வருஷம் மீன்பாடு சரியில்லை.

"பொழப்புக்குப் பாடுற பாட்டு தம்பி இது. வெறுங்கயித்த இழுத்துப் பாடுனா, கடலும் நமக்கு வெறுங்கயித்தத்தான் குடுக்கும். வேடிக்கைக்கு இழுக்குற கை இனிமே நம்ம வலக்கயித்துல படக்கூடாது. பாட்ட விட்டுட்டு வா, சேத்துக்கறோம்."

பாட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம். "வலயும் வேணும் தலைவரே, பாட்டும் வேணும். ரெண்டும் ஒரே கைதான். எத வெட்டச் சொல்றீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிட்டார்.

கயிற்றில் கை வைக்காதவருக்கு மீனில் பங்கு கிடையாது. அவர் கட்டட வேலைக்குக் கல் சுமக்கப் போனார். அவர் மனைவி அடுத்த மீனவ ஊரான கோட்டுச்சேரிமேட்டில் மீன் எடுத்துக் கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்றார். ஒருநாள் என் கடை வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏங்க, கத்தி முடிச்சுட்டு வந்து எங்க வீட்டுல சோறு திம்பாரா, இல்ல உங்க மைக்கயே தின்னுக்குவாரா?" கேட்டுவிட்டு, அடுத்த ஊர் நிகழ்ச்சிக்கு அந்தக் கயிற்றைச் சுருட்டிக் கொடுத்ததும் அவர்தான். பாட்டுக்காரர் மேடையில் குறை வைக்கவில்லை. ஆனால் காலையில் கடல் பக்கம் போவதை அடியோடு நிறுத்திவிட்டார். மற்றவர்கள் இழுப்பதைப் பார்க்கத் தாங்கவில்லை என்றார். எனக்குப் பஞ்சாயத்தின்மீது வந்த கோபத்தில் மேட்டுக்கு மைக்செட் தரமாட்டேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். "சாமி காரியத்துல வெளயாடாதீங்கண்ணே" என்று அவரே என்னை அனுப்பிவைத்தார்.

அப்படித்தான் மாரியம்மன் திருவிழாவுக்கு அங்கே ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தேன். தப்புக்காரர் சாமி புறப்பாட்டுக்கு வந்திருந்தார். கிதார்காரன் கிதாரோடு வந்தான், முகம் செத்துப்போயிருந்தது. பட்டாளத்துக்கு வரச்சொல்லி ஓலை வந்துவிட்டது. விஷயத்தைச் சொல்லப் பாட்டுக்காரரைத் தேடிப் போய், அவரையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்கே வந்துவிட்டான்.

அந்த நேரம் கோயிலை ஒட்டிய கரையில் ஒரே கூச்சல். வலையில் நல்ல மீன்பாடு விழுந்திருந்தது, ஆனால் நீரோட்டம் வலையை வடக்கே தள்ளியது. இரண்டு கயிறும் சமமாக வராவிட்டால் வலை கோணிக்கொண்டு மீன் அத்தனையும் வெளியே போய்விடும். புதிதாகப் பாட்டெடுத்தவரின் குரல் இந்தப் பக்கம் கேட்டது, தூரத்தில் நின்ற அந்தப் பக்கத்துக்குக் கேட்கவில்லை. ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தார்கள். பாட்டுக்காரர் கோயில் சுவரோரம் நின்று, விரல்களை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். கூப்பிடாமல் போகமாட்டார்.

தலைவர் ஓட்டமும் நடையுமாக வந்தார். பாட்டுக்காரரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "மைக்செட்காரரே, கொழாயக் கடலுப் பக்கம் திருப்புங்க." பிறகு மணலைப் பார்த்துக்கொண்டு, "கயித்தத் தொட வேணாம் தம்பி. பாடு, போதும்."

தீர்ப்பும் கெடவில்லை, வலையும் கெடக்கூடாது. பாட்டுக்காரர் மைக் முன்னால் வந்தார். வெறுங்கை. மறுபடியும் காற்றுதான் வரப்போகிறது என்று நான் பயந்த அதே நொடியில் என் மைக் ஒயரை எட்டிப் பிடித்தார். குரல் கடலைத் தொட்டது. தப்பு சேர்ந்தது, கிதார் சேர்ந்தது. இரண்டு பக்கமும் ஒரே மூச்சில் இழுத்தன. அவர் இழுத்த இழுப்பில் ஆம்ப்ளிஃபயர் மேஜையைவிட்டுக் கிளம்பியது. அதைக் குழந்தைபோல் கட்டிக்கொண்டு நானும் மணலில் அவர் பின்னாலேயே போனேன். ஒயரை விடச் சொல்ல மனசு வரவில்லை. வலை நேராக, நிறைந்து, கரையேறியது.

மீனைக் கூறு போட்டார்கள். தலைவர் ஒரு கூறைத் தனியாக ஒதுக்கினார். பாட்டுக்காரர் பின்னால் நகர்ந்தார்.

"நான் கயித்தத் தொடலங்களே."

"தொடலதான். நீ சொன்னதத்தான கேட்டுச்சு அது. எடுத்துக்க. நாளைக்கி வெள்ளன வந்துரு."

பாட்டுக்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் மனைவிதான் வந்து கூறை அள்ளினார். தப்புக்காரருக்கும் கிதார்காரனுக்கும் எனக்கும் அதிலிருந்து கொடுத்துவிட்டுத்தான் தன் கூடையில் போட்டார்.

கிதார்காரன் பிரான்சுக்குப் புறப்படுவதற்கு முன் கடைசி நிகழ்ச்சியைக் காரைக்காலில் வைத்தோம். வழக்கமான கூட்டம் எல்லாரும் வந்திருந்தார்கள், நர்ஸ் முதல் வரிசையில் அழுதுகொண்டே இருந்தார். கடைசிப் பாட்டுக்குக் கயிற்றை வீசியபோது ஒரு பெரிய கை எல்லாரையும் விலக்கிக்கொண்டு முனையைப் பிடித்தது. தலைவர். வேட்டியை மடித்துக் கட்டிக் கால்களை ஊன்றி நின்றார். கயிறு வந்துகொண்டே இருந்தது. முக்கால்வாசி வந்ததும் நின்றுவிட்டது. பாட்டுக்காரர் இழுத்துப் பார்த்தார், கயிறு அசையவில்லை. கிதார்காரனின் விரலில் ரத்தம் கசிந்தது. அவனும் நிறுத்தவில்லை. அவன் நிறுத்தினால் எல்லாம் முடிந்தது என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

பாட்டுக்காரர் மைக்கிலேயே கத்தினார்: "விடுங்க தலைவரே, வல கரைக்கு வந்துருச்சு!"

தலைவர் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டார்.

"இன்னும் வரல தம்பி. பாடு."